கதவு நிலையில் இருந்த கடதாசி

மனோர் பார்க், லண்டன்
28.10.1990, ஞாயிறு இரவு

என் அன்பான அம்மாவுக்கு,

மலர் எழுதுகிறேன். நீங்களும் தங்கச்சியும் எங்கே இருந்தாலும் மாவைக் கந்தன் உங்களைக் கைவிடமாட்டான் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன்.

உங்களுடைய பதினொரு கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. கடைசிக் கடிதம் மே மாதம் இருபத்திரண்டாம் திகதி எழுதியது. தங்கச்சிக்கு முன்பல் விழுந்ததையும், அதைக் கூரையில் எறியச் சொல்ல அவள் மறுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிவதையும் எழுதியிருந்தீர்கள். பிறகு ஜூனில் சண்டை தொடங்கிவிட்டது. தபால் போவதில்லை என்று மாமா சொல்கிறார். மாவிட்டபுரத்துச் சனம் எல்லாம் வீடுகளை விட்டு எழும்பிப் போய்விட்டது என்று கோவிலில் இரண்டு பேர் கதைத்துக்கொண்டு நின்றார்கள். நான் கிட்டப் போனதும் குளிரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். எனக்கு உங்கள் பழைய விலாசம் ஒன்றுதான் தெரியும். உங்களுக்கும் இந்த வீட்டு விலாசம் ஒன்றுதான் தெரியும்.

சரித்திரக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். மாமா பெற்றோல் ஸ்டேஷனுக்கு இரவு வேலைக்குப் போய்விட்டார். லைற் போடவில்லை, தெரு விளக்கின் வெளிச்சம் என் சின்ன அறைக்குள் வருகிறது. வீட்டு விஷயம் ஒன்றும் ஊருக்கு எழுதக்கூடாது, அக்காவுக்கு அங்கே இருக்கிற கவலை காணும் என்று மாமா சொல்லியிருக்கிறார். ஆனால் யாருக்காவது சொல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும்போல இருக்கிறது.

அம்மா, கலாவதி மாமிக்கு இது ஐந்தாம் மாதம். முன்பு இரண்டு தரம் பிள்ளை தங்காமல் போனது உங்களுக்குத் தெரியும். இரண்டாவது, இந்த வீட்டில்தான், நான் வந்து ஒரு மாதத்தில். இந்த முறை பிள்ளை வருவதற்குள் வீட்டுக்குப் பெயின்ற் அடித்துவிட வேண்டும் என்று மாமா தொடங்கினார். போன கிழமை பள்ளிக்கூடம் விடுமுறை. முன்கதவு நிலையைச் சுரண்டுகிற வேலை எனக்கு.

வெள்ளைக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே மண்ணிறம். வலது பக்கத்து நிலையில், என் தோள் உயரத்துக்குச் சற்று மேலே, விரல் நீளத்துக்கு ஏதோ புடைத்துக்கொண்டு இருந்தது. நேராகக்கூட இல்லை, சரிந்திருந்தது. கத்தியால் நெம்பினேன். ஒரு சின்னத் தகரக் குழல் கையோடு வந்தது. உள்ளே தோல் போன்ற ஒரு கடதாசி, இறுக்கமாகச் சுருட்டியபடி. விரித்துப் பார்த்தேன். கறுப்பு மையில் நெருக்கமாக எழுத்து. தமிழ் இல்லை, இங்கிலீஷ் இல்லை, சிங்களமும் இல்லை.

மாமி படியில் நின்று கண்டுவிட்டார். "ஐயோ, உதைக் கீழை போடு! விரிச்சனியோ? விரிச்சுப் பாத்தனியோ?" என்று கத்தினார். ஓம் மாமி என்றேன். அவர் அந்தப் படியிலேயே இருந்துவிட்டார். ஆரோ எங்கடை வாசலிலை செய்வினை வைச்சிருக்கினம், அதுதான் என்ரை பிள்ளையள் நிண்டதில்லை என்று அழுதார்.

மாமாவின் சிநேகிதர் சபாரத்தினம் வந்தார். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் இருக்கும். கேற்றுக்கு வெளியே நின்றபடியே பார்த்துவிட்டு, "மச்சான், இது அதேதான். நிலைக்குள்ளை வைச்சுப் பூசியிருக்கிறாங்கள். எடுத்த கையோடை கடலிலை விட்டிருக்க வேணும். விரிச்சதுதான் பிழை" என்றார். மாமாவோடு வேலை செய்கிற மன்னார் பீற்றர் அங்கிளும் வந்திருந்தார். அவர், "விளங்காத எழுத்தெல்லாம் செய்வினை எண்டால் எனக்கு வாற காஸ் பில்லும் செய்வினைதான், சபா" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. இன்று ஞாயிறு, ஆனால் சபாரத்தினம் மாமாவுக்கு வேலை. அடுத்த ஞாயிறு சவுத்எண்ட் கடலுக்குக் கொண்டு போகலாம் என்று முடிவு செய்தார்கள். மாமா அதைப் பால்மா ரின் ஒன்றுக்குள் போட்டு மூடிப் பின் கொட்டிலில் வைத்தார்.

மறுநாள் மாமிக்கு இரத்தம் போகத் தொடங்கியது. அம்புலன்ஸ் வந்தது. பிள்ளை இன்னும் இருக்கிறது, ஆனால் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். இன்று பின்னேரம் பார்க்கப் போனோம். நான் திரைக்கு வெளியே நின்றேன். மாமி மாமாவிடம், "பிள்ளை பிறக்குமட்டும் அவளைத் தோர்ண்டன் ஹீத்திலை உங்கடை ஒன்றுவிட்ட தங்கச்சியிட்டை விடுங்கோ. நான் அவளை ஏசேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு" என்று சொன்னது கேட்டது. மாமா, கடலிலை விட்டிட்டுப் பாப்பம் என்றார்.

அம்மா, தோர்ண்டன் ஹீத் கெட்ட இடம் இல்லை. அங்கேயும் தமிழ்ச் சனம் இருக்கிறது. ஆனால் அந்த விலாசம் உங்களிடம் இல்லை. உங்கள் பன்னிரண்டாவது கடிதம் இங்கே வந்து, இங்கே நான் இல்லாவிட்டால்?

நான் வேண்டுமென்று விரிக்கவில்லை. சத்தியமாக.

உங்கள் மகள்,
மலர்


மனோர் பார்க்
2.11.1990, வெள்ளி இரவு

அன்பான அம்மாவுக்கு,

போன கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இதையும் அதற்குப் பின்னால் எழுதுகிறேன். நான் ஒரு களவு செய்துவிட்டேன். முழுக்க வாசித்துவிட்டு ஏசுங்கள்.

பள்ளிக்கூடம் போகிற வழியில் செத்தவர்களைப் புதைத்த ஒரு பெரிய சேமக்காலை இருக்கிறது. இவ்வளவு நாளும் அதன் பக்கம் பார்க்காமல் நடப்பேன். திங்கட்கிழமை ஏனோ கம்பிக்குள்ளால் பார்த்தேன். கல்லுகளில் அதே எழுத்து அம்மா. குழலுக்குள் இருந்த அதே சதுர எழுத்து. அந்தக் கடதாசி இங்கேயிருந்துதான் எடுத்து வந்தது, செத்தவர்களின் எழுத்தை நான் கையால் விரித்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்று வகுப்பில் ஒன்றும் காதில் விழவில்லை.

இந்த வீட்டை மாமாவுக்கு விற்றவர் மிஸ் பாயர் என்ற ஒரு வயதான வெள்ளைக்காரி. அவருடைய பெயருக்கு இன்னும் கடிதங்கள் வரும். மாமி குப்பையில் போட்டுவிடுவார். கடிதம் வந்தால் தயவுசெய்து அனுப்புங்கள் என்று எழுதி, தன் புது விலாசத்தைச் சமையலறை அலுமாரிக் கதவின் உள்ளே ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். கான்ற்ஸ் ஹில், ஒரு பிளாற். சீனி எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். வைத்தவரே திருப்பி எடுத்தால்தான் செய்வினை போகும் என்று ஊரில் சொல்வார்கள்தானே. அவரிடமே போய்க் கேட்பது என்று நினைத்தேன். இன்று காலை கொட்டிலுக்குள் போய் ரின்னைத் திறந்து, குழலைக் கைலேஞ்சியில் சுற்றிப் பள்ளிக்கூடப் பையில் வைத்தேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் எடுத்தேன். இல்ஃபோர்டில் றோட்டுத் திருத்துகிறார்கள், பஸ் நகரவே இல்லை. போய்ச் சேரும்போது மைம்மல், இருட்டத் தொடங்கிவிட்டது. கதவைத் திறந்தவர் மிகவும் சின்ன ஆள், பொல்லு ஊன்றியிருந்தார். அவருக்குப் பின்னால் மேசையில் இரண்டு மெழுகுதிரி அப்போதுதான் ஏற்றியிருந்தது. நாங்களும் வெள்ளிக்கிழமை இந்த நேரம்தானே விளக்கு வைப்பது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கைலேஞ்சியை அவிழ்த்து நீட்டி, தயவுசெய்து இந்தச் சாபத்தைத் திருப்பி எடுங்கள், என் மாமியின் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார். சாபமா, அந்த வீட்டில் இருந்த ஒரே சாபம் பழைய வீட்டுக்காரி மிஸிஸ் கோல்டின் வைக்கிற சூப்தான் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தி, உள்ளே கூட்டிக்கொண்டு போய் இருத்தித் தேத்தண்ணி தந்தார்.

அம்மா, அது செய்வினை இல்லை. அதற்கு மெசூசா என்று பெயர். யூதச் சனம் தங்கள் வேத வசனத்தைக் கையால் எழுதிச் சுருட்டி, வீட்டுக்குக் காவலாக வாசல் நிலையில் அடிப்பார்களாம். சரித்து அடிப்பதுதான் வழக்கமாம். போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டுக் கும்பிடுவார்களாம். மிஸ்ரர் கோல்டின் ஒரு தையற்காரர். வைற்சப்பலில் ஒரே அறையில் பத்துப் பேர் இருந்து தைத்து, காசு சேர்த்து, எங்கள் வீட்டை வாங்கி வந்த முதல் நாள் அதை அடித்தவராம். அப்போது எங்கள் தெருவில் பாதி வீட்டு நிலைகளில் அது இருந்ததாம். தையற்காரர், தொப்பி செய்கிறவர், அலுமாரி செய்கிறவர் என்று ஒரே சனம். வெள்ளிக்கிழமைகளில் தெரு முழுக்க மீன் பொரிக்கிற மணம். பிறகு உலகச் சண்டையில் குண்டு விழுந்தது. பிள்ளைகள் படித்து இல்ஃபோர்டுக்கும் கான்ற்ஸ் ஹில்லுக்கும் அதற்கு அப்பாலும் போய்விட்டார்கள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். நீ தினமும் பார்த்துப் பயப்படுகிற அந்தக் கம்பிக்குள்ளேதான், பக்கத்து வீட்டுக்காரர் இப்போதும் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு சண்டை பிடிப்பார்கள் என்றார்.

மிஸ் பாயர் கோல்டின்களின் மகள் இல்லை. வியன்னாவில் பிறந்தவர். யூதச் சனத்தை அங்கே வாழவிடாமல் துன்புறுத்தத் தொடங்கியபோது பிள்ளைகளை மட்டும் ரயிலில் ஏற்றி இங்கே அனுப்பினார்களாம். அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. கழுத்தில் ஒரு இலக்கத்தைக் கட்டிக்கொண்டு லிவர்பூல் ஸ்ட்ரீற் ஸ்டேஷனில் இறங்கினாராம். மாமாவோடு நான் முதல் நாள் இங்கே வர ரயில் ஏறிய அதே ஸ்டேஷன். கோல்டின் வீட்டில் அவருக்குக் கொடுத்தது எந்த அறை தெரியுமா? நான் இப்போது இருந்து எழுதுகிற இந்த அறை.

அவருடைய அம்மா கிழமைக்கு இரண்டு கடிதம் போட்டாராம். சண்டை தொடங்கியதும் தபால் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு செஞ்சிலுவைச் சங்கம் மூலம் எழுதலாம், ஆனால் இருபத்தைந்து சொல்லுக்கு மேல் எழுதக்கூடாது. அப்படி ஏழு கடதாசி வந்தது. ஒரு பிஸ்கற் பெட்டியில் வைத்திருக்கிறார். கடைசியில் இருப்பதை எனக்கு வாசித்துச் சொன்னார். நாங்கள் இடம் மாறுகிறோம், புது விலாசம் பிறகு எழுதுகிறேன், நீ அங்கேயே இரு என்று இருந்தது. ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டாம் ஆண்டு.

புது விலாசம் வந்ததா என்று கேட்டேன். தேத்தண்ணி ஆறுகிறது, குடி என்றார்.

கோல்டின் ஆட்கள் வீட்டை உங்களுக்கு எழுதிவைத்துவிட்டுச் செத்தபிறகும், தெருவில் யூதர் ஒருவரும் இல்லாமல் போனபிறகும் நீங்கள் ஏன் மாறவில்லை என்று பிறகு கேட்டேன். அம்மாவிடம் இருந்தது அந்த விலாசம்தானே என்றார். ஐம்பது வருசம் அம்மா. போன வருசம்தான், முழங்கால் படி ஏறவே விடவில்லை என்று விற்றாராம். என் பெயருக்கு வருகிற கடிதங்களை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். விளம்பரங்களைப் போட்டுவிடு, ஆனால் கையால் விலாசம் எழுதியது ஏதாவது வந்தால் மட்டும் கொண்டு வந்து தா என்றார். ஓம் என்றேன். மாமி போட்டவற்றில் அப்படி ஏதாவது இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அதுவும் இப்போது என் நெஞ்சில் கிடக்கிறது.

போகும் முன், இது என்னவென்று ஒரு துண்டில் எழுதித் தாருங்கள், மாமிக்குக் காட்ட வேண்டும் என்றேன். அவர் மெழுகுதிரியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை திரி ஏற்றியபிறகு நாளை இருட்டும்வரை அவர்கள் பேனா தொடமாட்டார்களாம். ரெலிபோனும் எடுக்கமாட்டார்களாம். தான் எத்தனையோ விட்டுவிட்டாராம், கோவிலுக்குக்கூடப் போவதில்லையாம், ஆனால் அம்மா ஏற்றிய திரியை மட்டும் விடவில்லையாம். இருபது நிமிசம் முன்னால் வந்திருந்தால் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன் என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு வரிதானே என்று கெஞ்சினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார், எழுதவில்லை. நாளை இரவு எழுதித் தபாலில் போடுகிறேன் என்றார். அது திங்கட்கிழமைதான் வரும். ஞாயிறு காலையே கடலுக்குப் போகிறார்கள். அதோடு நான் களவாக எடுத்துக்கொண்டு வந்ததும் தெரிந்துவிடும். வேண்டாம் என்றேன்.

கடதாசியை அவரிடமே கொடுத்தேன். அந்த எழுத்தை எறியக்கூடாதாம். பழசாகிப்போனால் மனிசரைப்போல மண்ணில் அடக்கம் செய்வார்களாம். வெறும் குழலை மட்டும் கொண்டு வந்திருக்கிறேன். மாமா இன்னும் கொட்டிலுக்குள் போகவில்லை.

நாளைக்கு மாமாவிடம் சொல்லிவிடுவேன் அம்மா. எப்படியும் சொல்லிவிடுவேன்.

மலர்


மனோர் பார்க்
4.11.1990, ஞாயிறு இரவு

அன்பான அம்மா,

சொல்லவில்லை.

நேற்று மத்தியானம் மாமியை வீட்டுக்கு விட்டார்கள். கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார். மாமா பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரித்துக் கொடுத்தார். நான் கதவடியில் நின்று, மாமா ஒரு விஷயம் என்று தொடங்கினேன். அதற்குள் மாமி, "நாளைக்கு அது போயிட்டால் எனக்கு நித்திரை வரும், இல்லையே?" என்று மாமாவிடம் கேட்டார். சின்னப் பிள்ளை கேட்பதுபோலக் கேட்டார். மாமா, ஓம், போயிடும் என்றார். பிறகு என்னைப் பார்த்து என்ன பிள்ளை என்றார். தேத்தண்ணி வேணுமா என்று கேட்டேன்.

இரவு யோசித்துப் பார்த்தேன். வெறும் குழலைக் குலுக்கிப் பார்த்தால் சபாரத்தினம் மாமாவுக்குத் தெரிந்துவிடும். கொப்பியில் ஒரு ஒற்றையைக் கிழித்து, ஒன்று எழுதி, இறுக்கிச் சுருட்டி உள்ளே வைத்தேன். விடிய முன் ரின்னுக்குள் போட்டுவிட்டேன்.

காலையில் சபாரத்தினம் மாமாவின் காரில் போனோம். எடுத்தவள் கையாலேயே விடவேணும் என்று அவர்தான் சொன்னார். ரின்னை அவர் தொடவே இல்லை. மாமாதான் திறந்து நீட்டினார். சவுத்எண்ட் கடல் எங்கள் காங்கேசன்துறைக் கடல் மாதிரி இல்லை அம்மா. மண்ணிறம். ஆனால் பாலம் ஒன்று கடலுக்குள் வெகுதூரம் போகிறது. அதன் நுனியில் நின்று எறிந்தேன். சபாரத்தினம் மாமா, "திரும்பிப் பாராமல் வா பிள்ளை. பாத்தால் பின்னாலை வந்திடும்" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். இரண்டு தரம் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமி என்னைக் கூப்பிட்டு, தலையில் கை வைத்து, "இனி நீ ஒரிடமும் போகத் தேவையில்லை. இஞ்சையே இரு" என்றார். என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தார். உள்ளே மெல்ல அசைந்தது. மாமி சிரித்தார். நானும் சிரித்தேன். பிள்ளைக்குக் காவலாக இருந்ததை அல்லவா நான் கழற்றினேன் என்று நினைத்தபோது கையை எடுக்க வேண்டும்போல இருந்தது. எடுக்கவில்லை. இந்த வீட்டில் என்னோடு கதைப்பதற்கு இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் நடந்ததைச் சொல்ல ஒருவரும் இல்லை.

நிலையில் அந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டை இருக்கிறது. நாளை மாமா அதை அடைத்துப் பெயின்ற் பூசிவிடுவார். இன்று மாலை உள்ளே வரும்போது அந்த இடத்தைத் தொட்டுவிட்டு வந்தேன். ஒருவரும் காணவில்லை. தபால்காரர் வந்தால் இனி நான்தான் முதலில் ஓடுவேன். மிஸ் பாயருக்குக் கையால் எழுதியது வருகிறதா என்று பார்ப்பேன். எனக்கு வருகிறதா என்றும் பார்ப்பேன்.

பீற்றர் அங்கிள் டிசம்பரில் நத்தாருக்குக் கொழும்புக்குப் போகிறார். வடக்கே போகிற ஆட்கள் யாராவது இருந்தால் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். இந்த மூன்று கடிதங்களையும் கொப்பியிலிருந்து கிழித்து எடுத்து அவரிடம் கொடுப்பேன். அவர் மாமாவிடம் சொல்லமாட்டார். மாவிட்டபுரத்தில் நீங்கள் இல்லாவிட்டால் யாராவது உங்களைத் தேடித் தரட்டும். கடிதம் எழுத நேரம் இல்லாவிட்டால் பரவாயில்லை. தங்கச்சியின் பெயரை மட்டும் உங்கள் கையெழுத்தில் எழுதி அனுப்பினாலும் காணும்.

குழலுக்குள் எழுதி வைத்ததை இங்கேயும் எழுதுகிறேன். இருபத்தைந்து சொல், எண்ணிப் பார்த்துத்தான் எழுதினேன். கடலில் விட்டது முந்துமோ, பீற்றர் அங்கிள் கொண்டு வருவது முந்துமோ தெரியாது.

அம்மா, நான் சுகம். சாப்பிடுகிறேன். படிக்கிறேன். மாமி நல்லவர். குளிர் பழகிவிட்டது. நீங்களும் தங்கச்சியும் எங்கே? இந்த விலாசத்தில் நான் இருக்கிறேன். வேறு எங்கும் போகமாட்டேன். ஒரு சொல் எழுதுங்கள். காத்திருக்கிறேன். உங்கள் சிவமலர்.